தவளகிரிக்கு மூன்று விரல்

பெண் பார்க்க வந்தவர்கள் ஏழு பேர். ஏழு பேரில் ஒருவர்கூடப் பெண்ணைப் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றியதும் நேராகக் கூடத்துச் சுவருக்குப் போய், அங்கே மாட்டியிருந்த ஒரே ஓவியத்தின் முன்னால் வரிசையாக நின்றார்கள். மாப்பிள்ளையின் அத்தை அம்சவேணி கைப்பையிலிருந்து உருப்பெருக்கியை எடுத்துக் கண்ணில் பொருத்திக்கொண்டு, நகைக்கடையில் கல் பார்ப்பவள் போல ஓவியத்திலிருந்த கிழவரின் மூக்கையும் கன்னத்தையும் விரல்களையும் ஒவ்வொன்றாகச் சோதித்தாள்.

"மூக்கு நுனி செவந்திருக்குது. அவ்வளவுதானுங்களா?"

"எங்க பெரியப்பாருங்க. ஏழாயிரத்து நூறு மீட்டரு," என்றார் பெண்ணின் அப்பா பரஞ்சோதி. "அந்தக் காலத்துல அதே பெருசுங்க."

"வெரலு?"

"பத்தும் இருக்குதுங்க." திருட்டை ஒப்புக்கொள்ளும் குரல் அது.

"உங்க படம் எங்கீங்க?"

"நான் இன்னும் ஏறுலீங்க."

அம்சவேணி உருப்பெருக்கியைப் பையில் போட்டுக்கொண்டாள். மாப்பிள்ளையின் அப்பா உடுமலைப்பேட்டை நாச்சிமுத்து, வலக்கையில் முழங்கை வரை வெள்ளை உறை அணிந்தவர், இடக்கையால் காபியைக் குடித்து முடித்தார். எழுந்து நின்று, "வீட்டுல கலந்து பேசிட்டுச் சொல்லியனுப்பறோமுங்க," என்றார். கோயம்புத்தூர்ப் பக்கத்தில் அந்த வாக்கியத்துக்கு முந்நூறு ஆண்டுகளாக ஒரே பொருள்தான். வண்டி தெருமுனை திரும்பும்வரை பரஞ்சோதி வாசலில் கும்பிட்டபடியே நின்றார்.

அவர் மகள் கவின்மலருக்கும் நாச்சிமுத்துவின் மகன் மகிழ்நனுக்கும் இதில் எந்தச் சிக்கலும் இருக்கவில்லை. இருவரும் நொய்யல் ஆற்றைச் சுத்தம் செய்யும் நிலையத்தில் பக்கத்துப் பக்கத்து மேசையில் வேலை பார்த்தார்கள். அந்த ஆற்றை இருநூறு ஆண்டுகளாகச் சுத்தம் செய்துகொண்டிருக்கிறார்கள் என்பதால் பேசிப் பழக நேரம் நிறைய இருந்தது. பதிவு அலுவலகத்தில் போய்க் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று கவின்மலர் சொன்னாள்.

"படமில்லாத ஊட்டுப் பொண்ணுன்னு நாளைக்கு ஒரு வார்த்த வந்தா என்ன பண்ணுவ கண்ணு?" என்றார் பரஞ்சோதி.

"வந்தா வந்துட்டுப் போகுதுப்பா."

"உனக்கென்ன, சொல்லிருவ. ரோட்டுல தலை நிமுந்து நடக்கறது நானு."

அவர் மனைவி கமலவேணி வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்: "ஏனுங்க, மாடிப்படி ஏறுனாலே மூச்சு வாங்கறீங்க. மலைக்கு எப்படிப் போவீங்க?"

"மலைக்கு ஆரு நடந்து போறாங்க?" என்றார் பரஞ்சோதி. அது நியாயமான கேள்விதான்.

நடந்து ஏறிய காலம் ஒன்று இருந்தது. அப்போதும் மனிதர்கள் உச்சியில் ஏறியதும் முதல் வேலையாகப் படம்தான் எடுத்தார்கள். அதற்குப் பிறகு வந்தது பொய்ப்படக் காலம். யார் வேண்டுமானாலும் எந்த இடத்தில் வேண்டுமானாலும் தான் நிற்பதாகக் கண் இமைக்கும் நேரத்தில் படம் உண்டாக்கிக்கொள்ளலாம் என்றானது. சரவணம்பட்டியில் ஒரு குழந்தை, தவழக் கற்றுக்கொள்வதற்கு முன்பே இமயத்தின் பதினான்கு பெருஞ்சிகரங்களிலும் கொடி நட்டிருந்தது. எல்லாரிடமும் எல்லாப் படமும் இருந்ததால் யாரும் யாரையும் நம்பவில்லை. பெருமையடித்துக்கொள்ள வழியில்லாமல் மனித இனம் பத்துப் பதினைந்து ஆண்டுகள் தவியாய்த் தவித்தது.

சிகர மன்றம் என்றொரு அமைப்புதான் கடைசியில் வழி கண்டது. ஒவ்வொரு மலையடிவாரத்திலும் சத்தியம் செய்த ஓவியர் ஒருவரை உட்கார வைத்தார்கள். சான்றோவியர் என்று பெயர். இறங்கி வருகிறவரை எதிரில் உட்கார்த்தி, கண் கண்டதை மட்டும் கையால் வரைந்து முத்திரை போட்டுத் தர வேண்டும். கண் காணாத எதையும், ஒரு மயிரிழையைக்கூட வரையக் கூடாது. இதுதான் சத்தியம். தொடக்கத்தில் அந்த ஓவியங்கள் உண்மையாகவே நெஞ்சை உலுக்கின. வெயிலில் வெந்து பனியில் வெடித்த கன்னங்கள், பிளந்த உதடுகள், பனியொளியில் வீங்கி மூடிய கண்கள், கரிக்கட்டையாகிப்போன விரல் நுனிகள். மக்கள் அந்த முகங்களை மதிப்பெண் பட்டியல் படிப்பதுபோலப் படிக்கக் கற்றுக்கொண்டார்கள்.

பிறகு தூக்கிகள் வந்தன. எட்டுக் கால் இயந்திரம். முதுகில் கண்ணாடிக் கூடு. கூட்டுக்குள் ஊட்டி வெயில் காலத்துத் தட்பவெப்பம், சாய்வு நாற்காலி, சூடான சாப்பாடு. நூற்று நாற்பது ஆண்டுகளாகத் தூக்கியில் போனவர்களில் ஒருவரும் சாகவில்லை. ஒருவருக்கும் சளிகூடப் பிடிக்கவில்லை. இதனால் பெரிய சங்கடம் ஏற்பட்டது. எட்டாயிரம் மீட்டர் ஏறி இறங்கியவரின் முகம் மத்தியானத் தூக்கம் போட்டு எழுந்தவரின் முகம் போலவே இருந்தது. அதை வரைந்து கூடத்தில் மாட்டினால் குடும்ப அட்டைப் படம் மாதிரி இருந்தது. அதைப் பார்த்து யார் பெண் கொடுப்பார்கள்?

எனவே சான்றோவியரின் அறைக்குப் பக்கத்துக் கதவில் பனிக்கடி நிலையம் திறந்தார்கள். இறங்கி வருகிறவர் முதலில் அங்கே போவார். மூக்குச் சிவப்போ, கன்ன வெடிப்போ, உதட்டுப் பிளவோ, வசதிப்படி எடுத்துக்கொண்டு ஓவியரிடம் போவார். ஓவியர் கண் கண்டதை வரைவார். யாருடைய சத்தியமும் கெடவில்லை. மேல்தட்டுக்காரர்கள் விரல் கருமை எடுத்துக்கொண்டார்கள். கறுத்த விரலை ஓவியம் முடிந்ததும் வெட்டி எடுத்துவிடுவார்கள். நாற்பது நாளில் புது விரல் முளைக்க வைக்கும் வைத்தியம் ஊருக்கு ஊர் இருந்தது. ஆனால் விரல் முளைத்தால் ஓவியம் செல்லாது என்பது மன்றத்தின் விதி. அதனால் விரலை இழந்தவர்கள் ஆயுசுக்கும் வெண்ணுறை அணிந்து நடமாடினார்கள். புண்ணைக் காட்டிப் பெருமை தேடக் கூடாதாம், அடக்கமாம். கூடத்தில் மட்டும் ஆளுயரத்துக்குப் படம் தொங்கும்.

பரஞ்சோதி ஐப்பசியில் இமயத்திலுள்ள தவளகிரிக்குப் புறப்பட்டார்.

விடிகாலையில் கூட்டில் ஏறி உட்கார்ந்தார். ஐயாயிரம் மீட்டரில் இட்லி சாப்பிட்டார். ஆறாயிரத்தில் கவின்மலரோடு பேசினார். "ஒண்ணுமே தெரியல கண்ணு, பஸ்ஸுல போற மாதிரிதான் இருக்குது," என்றார். ஏழாயிரத்தில் எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் வந்தன. வறுவல் நன்றாக இருக்கிறதென்று இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். வெளியே காற்று மணிக்கு நூற்றிருபது கிலோமீட்டர் வேகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. தூக்கியின் இரண்டு கால்கள் ஒரு பனிப்பிளவில் சிக்கி முறிந்தன; அது மீதி ஆறு கால்களால் தத்தித் தத்தி மேலேறியது. கூடு குலுங்கவில்லை. அந்தத் தாலாட்டில் பரஞ்சோதி உறங்கிப்போனார்.

கண் விழித்தபோது வெளியே பாறை தெரிந்தது.

"உச்சி வந்துருச்சுங்களா?"

"வந்து, நின்று, திரும்பிவிட்டோம் ஐயா," என்றது தூக்கி. "உச்சியில் நான்கு நிமிடம் நின்றோம். வானம் தெளிவாக இருந்தது. இப்போது ஐயாயிரத்து இருநூறு மீட்டரில் இறங்கிக்கொண்டிருக்கிறோம்."

"எழுப்பியிருக்கலாமல்லோ?"

"உறங்குகிற பயணியை எழுப்புவது உடல்நல விதிகளுக்கு எதிரானது."

பரஞ்சோதிக்கு, இவ்வளவு தூரம் வந்து பார்க்காமல் போனோமே என்ற வருத்தம் ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் இருந்திருக்கும். பிறகு, படத்தில் அதெல்லாமா தெரியப்போகிறது என்று நினைத்துத் தேற்றிக்கொண்டார். தூக்கியின் முறிந்த கால்களை அவர் பார்க்கவேயில்லை.

பனிக்கடி நிலையத்தில் அவருக்கு முன்னால் நான்கு பேர் காத்திருந்தார்கள். ஒருவர் உதட்டைத் தடவியபடியும் ஒருவர் மூக்கைத் தடவியபடியும் இருந்தார்கள், முடிவெட்டக் காத்திருப்பவர்களைப் போல. பரஞ்சோதியின் முறை வந்ததும் சுவரிலிருந்து இயந்திரக் குரல் விவரங்களைப் படித்தது.

"விரல் கருமை எத்தனை, ஐயா?"

"மூணு," என்றார். நாச்சிமுத்துவுக்கு இரண்டு. இந்தக் கணக்கை அவர் கோயம்புத்தூரிலேயே போட்டுவிட்டிருந்தார்.

"இடக்கை நல்லது. அன்றாட வேலைகளுக்கு இடையூறு குறைவு."

"வலது கைதான் வேணும். நெஞ்சு மேல வெச்சுப் படத்துக்கு உட்கார்றது வலது கைதானே? எடது கைய ஆரு பார்க்கறாங்க?"

"ஒரு தகவல் சொல்ல வேண்டியது என் கடமை. தவளகிரியில் தூக்கியில் சென்றவர்களிடையே நூற்று நாற்பது ஆண்டுகளாக உயிரிழப்பு இல்லை. இந்த அறையில் சென்ற ஆண்டு ஒன்பது பேர் இறந்திருக்கிறார்கள். வலியில் இதயம் நின்றுவிடுகிறது. உங்கள் வயது ஐம்பத்து மூன்று. சம்மதமா?"

"சம்மதமுங்க."

"மீண்டும் கேட்கிறேன். சம்மதமா?"

"ஒரு தடவ சொன்னாப் பத்தாதா? பொண்ணு கல்யாண விசயமுங்க!" என்று அதட்டினார்.

மூன்றாம் முறையும் கேட்டுவிட்டு இயந்திரம் வேலையைத் தொடங்கியது. மலையில் ஐந்தாறு நாளில் நடப்பதை அது அரை மணி நேரத்தில் முடித்துத் தரும். நடுவிரல், மோதிர விரல், சுண்டுவிரல். முதலில் எரிந்தது. பிறகு மரத்தது. பிறகு, மரத்த இடத்துக்கு உள்ளேயிருந்து வந்த வலியில் பரஞ்சோதி எட்டுத் தலைமுறைக்கும் கேட்கும்படி அலறினார். தன் அம்மாவைக் கூப்பிட்டார். போதும், நிறுத்து, வேண்டாம் என்று கெஞ்சினார். சம்மதம் மூன்று முறை பதிவாகியிருந்ததால் இயந்திரம் நிறுத்தவில்லை. நெஞ்சு இரண்டு முறை தவறித் துடித்து, ஏதோ அவருடைய நல்ல நேரம், மறுபடி ஓடத் தொடங்கியது. ஒரு மலையேறி தன் வாழ்நாளில் சந்திக்கும் மிகப் பெரிய ஆபத்தை அவர் சந்தித்து மீண்டுவிட்டார். மூக்குச் சிவப்பும் உதட்டுப் பிளவும் அதோடு சேர்த்தே கிடைத்தன.

பக்கத்து அறையில் சான்றோவியர் உலகம்மை உட்கார்ந்திருந்தாள். தென்காசிக்காரி, ஐம்பதைத் தாண்டியவள். இருபத்திரண்டு ஆண்டுகளாக இதே நாற்காலியில் இருக்கிறாள். அவள் வரைந்த மூக்குகளை வரிசையாக வைத்தால் தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையே சாலை போடலாம். பரஞ்சோதியை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உக்காருங்க அண்ணாச்சி. கைய நெஞ்சுல வைங்க. அஞ்சு மணி நேரம் ஆகும். ஆட்டாதீங்க."

"ரொம்ப வலிக்குதுங்க."

"வலிக்கத்தான செய்யும். அதுக்குத்தான அந்த ரூமுக்குப் போனீக?"

தூரிகையைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு அவள் வேலையில் இறங்கினாள். திறமைசாலி என்பதில் சந்தேகமில்லை. அவள் கைபட்டால் வெடித்த தோலின் ஒவ்வொரு பொருக்கும் எழுந்து நிற்கும். அந்தத் திறமை இந்த அறையில் இப்படி வீணாவதைப் பார்த்தால் யாருக்கும் வயிறெரியும். அவளுக்கு எரிந்து அடங்கிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன.

"பின்னால அந்த மலையையும் கொஞ்சம் போட்டுருங்க," என்றார் பரஞ்சோதி.

"எந்த மலைய?"

"தவளகிரியத்தானுங்க."

"இந்த ரூமுக்குள்ள எங்க அண்ணாச்சி இருக்கு தவளகிரி? என் கண்ணு முன்னால உங்க மூஞ்சிதான் இருக்கு. அதத்தான் வரைய முடியும். சத்தியம் பண்ணிருக்கேம்லா." பின்புறத்தில் சாம்பல் நிறத்தைப் பட்டையாகப் பூசினாள். "கேக்காதவுக கெடையாது. வீட்டுக்குப் போனா ஒருத்தரும் அதத் தேடுறதும் கெடையாது."

வண்ணம் எடுக்க எழுந்தபோது அவள் நொண்டுவதைப் பரஞ்சோதி பார்த்தார்.

"காலுல என்னங்க?"

"நாலு விரலு இல்ல."

"அட! நீங்களும் எடுத்துக்கிட்டீங்களா?"

"எடுத்துக்கிடல, போயிட்டு," என்றாள். "நடந்து ஏறுனேன். இருபத்தேழு வயசுல."

பரஞ்சோதி வலியைக்கூட ஒரு கணம் மறந்தார். உலகம்மை தூரிகையை நிறுத்தாமல் பேசினாள். வந்தவர்களிடம் அவள் இதைச் சொல்வதில்லை. அன்று ஏனோ சொன்னாள்.

"ஏழாயிரத்து ஐநூறுக்கு மேல ஒரு எட்டு எடுத்து வைக்க ஆறு மூச்சு வேணும் அண்ணாச்சி. எண்ணிக்கிட்டே போனேன். கூட வந்தவ ஒருத்தி, செத்த நேரம் உக்காந்துட்டு வாரேன்னா. அவ எந்திரிக்கவே இல்ல. மேல போயிச் சேந்தப்ப சூரியன் அப்பத்தான் கெளம்புது. அந்த மலையோட நெழலு இருக்குல்லா, அது அந்தாக்குல மேகத்து மேல விழுந்து கெடக்கு. கூரா, முக்கோணமா, கண்ணுக்கு எட்டுன தூரத்துக்கும். அத வரையணும்னுதான் போனேன். கை வெறச்சுப்போச்சு, பென்சில் பிடிக்க முடியல. பாத்துக்கிட்டே நின்னேன். அவ்வளவுதான்."

"உங்க படம் எங்க மாட்டியிருக்கறீங்க?"

"அப்ப இந்த அடிவாரத்து ஓவியரு செத்து எடம் காலியாக் கெடந்துச்சு. இப்ப நான்தான் ஓவியரு. என்ன யாரு வரைவா?"

பரஞ்சோதியின் பிளந்த உதடுகளில் ஒரு சிரிப்பு வந்தது. பாவப்பட்டவர்களைப் பார்த்து வரும் அந்தச் சிரிப்பு. "படமில்லீன்னா ஆருங்க நம்புவாங்க? ஏறுனதும் ஒண்ணுதான், ஏறாததும் ஒண்ணுதான்."

உலகம்மை அவர் முகத்தை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தாள். அதில் வரைய வேண்டியது எதுவும் பாக்கியில்லை என்று பட்டிருக்க வேண்டும்.

"சிரிக்காதீங்க. உதடு கோணுது," என்றாள்.

ஓவியம் கூடத்துச் சுவருக்கு வந்த மறுவாரமே நாச்சிமுத்து வீட்டார் சொல்லாமல் கொள்ளாமல் வந்தார்கள். அம்சவேணி உருப்பெருக்கியோடு பத்து நிமிடம் நின்றாள். "மூணு!" என்று அவள் திரும்பிச் சொன்னபோது பரஞ்சோதி பட்ட பாடெல்லாம் பறந்துபோயிற்று. வரும் புதன்கிழமையே உப்புச் சர்க்கரை மாற்றி நிச்சயம் செய்துகொள்வது என்று முடிவானது. கமலவேணி மட்டும் சமையலறையில் நின்று அழுதாள். கவின்மலர் அழவில்லை. கட்டு மாற்றும்போது அப்பாவின் கையைத் தன் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"இத நான் கேட்டனாப்பா?"

"உனக்காகத்தானே கண்ணு."

"எனக்காகன்னு சொல்லாதீங்க. வேற என்னத்துக்குன்னாலும் சொல்லிக்குங்க."

அவளுக்கு அவர் மேல் கோபம் இருந்தது. அந்தக் கையைப் பார்த்தால் கோபப்படவும் முடியவில்லை. வெண்ணுறையை அவளே மாட்டிவிட்டாள். உறையின் மூன்று விரல்கள் காற்றுப்போன பலூன் போலத் தொங்கின.

புதன்கிழமை காலையில் மாப்பிள்ளை வீட்டார் நாற்பது பேர் வந்து இறங்கினார்கள். வழக்கப்படி தங்கள் குலத்து ஓவியங்களையும் தூக்கிக்கொண்டு வந்து, பெண் வீட்டுக் கூடத்தின் எதிர்ச்சுவரில் வரிசையாக மாட்டினார்கள். பதினைந்து ஓவியங்கள். நடுநாயகமாக நாச்சிமுத்து: மீசையில் பனிக்கட்டி, நெஞ்சின் மேல் வலக்கை, அதில் கரிக்கட்டையாகச் சுண்டுவிரலும் மோதிர விரலும். இந்தப் பக்கச் சுவரில் பெரியப்பாவும் பரஞ்சோதியும். இரண்டு பரம்பரைகளும் ஒன்றையொன்று முறைத்துப் பார்த்தன. வந்த நாற்பது பேரில் பெரியவர்கள் அத்தனை பேர் கையிலும் வெண்ணுறை. எல்லா உறைகளும் புடைப்பாக, நிரம்பி இருந்தன. உள்ளே பஞ்சு அடைத்திருப்பார்கள், நமக்கு இந்த யோசனை வரவில்லையே என்று பரஞ்சோதி வெட்கப்பட்டார்.

நல்ல நேரம் வந்தது. வெண்கலத் தட்டில் உப்பும் நாட்டுச் சர்க்கரையும் வெற்றிலை பாக்கும் தேங்காயும் நிரப்பி வைத்திருந்தார்கள். பெண்ணின் அப்பா அதை இரண்டு கையாலும் எடுத்து மாப்பிள்ளையின் அப்பாவிடம் தர வேண்டும். அதைத் தந்து வாங்கிவிட்டால் பேச்சு முடிந்தது. அது கீழே விழுந்தாலோ, எல்லாம் முடிந்தது. உப்புத் தட்டு சிந்தி நின்றுபோன கல்யாணங்களை அம்சவேணி வரிசையாகச் சொல்வாள்.

பரஞ்சோதி தட்டைத் தூக்கினார். மகிழ்நனும் கவின்மலரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நாச்சிமுத்து கையை நீட்டினார். இடைவெளி ஒரு முழம்தான். பெருவிரலும் சுட்டுவிரலும் மட்டுமே இருந்த அந்த வலக்கை, தட்டின் பாரத்தைத் தாங்காமல் நழுவியது. தட்டு ஒருபக்கமாகச் சாய்ந்தது. தேங்காய் உருண்டது. கமலவேணி "ஐயோ" என்று கத்தினாள்.

தட்டு விழவில்லை.

நாச்சிமுத்து பாய்ந்து அதைப் பிடித்துவிட்டார். நல்ல பிடி. உடும்புப் பிடி. வலக்கையின் ஐந்து விரல்களும் தட்டின் விளிம்பை இறுக்கி வளைந்திருந்தன. வெண்ணுறைக்குள் சுண்டுவிரலும் மோதிர விரலும் தனித்தனியாக, கணுக்கணுவாகத் தெரிந்தன. பஞ்சு அப்படி வளையாது.

நாச்சிமுத்துவின் நெற்றியில் வியர்வை பூத்தது. விரல்களை நீட்டினால் தட்டு விழும். நீட்டாவிட்டால் எல்லாரும் பார்ப்பார்கள். எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அவர் பக்கத்து வெண்ணுறைகளெல்லாம் ஒவ்வொன்றாக மெல்லத் துண்டுக்குள்ளும் முந்தானைக்குள்ளும் போய் மறைந்தன.

"ஏனுங்க," என்றாள் கமலவேணி, மெதுவாக. "சம்பந்திக்கு வெரலு இருக்குதுங்க."

அம்சவேணி தரையைப் பார்த்தாள். வாழ்நாளெல்லாம் அடுத்தவர் விரலை எண்ணியவள், தன் அண்ணன் விரலை எண்ணத் துணியவில்லை. நாற்பது பேரும் பரஞ்சோதியைப் பார்த்தார்கள். அந்தக் கூடத்தில் உண்மையாகவே விரல் இல்லாதவர் அவர் ஒருவர்தான். அவர் வாயைத் திறந்தால் நாச்சிமுத்துவின் ஓவியம் செல்லாது. சம்பந்தம் முறியும். செல்லாத ஓவியக்காரனுக்கு நிகராக மூன்று விரலைக் கொடுத்தவன் என்று ஊர் தன்னையும் சேர்த்துச் சிரிக்கும்.

பரஞ்சோதி நாச்சிமுத்துவின் கையைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். ஒரு முறை கையை, ஒரு முறை சுவரை. அவருடைய மூளை கடைசியாக உழைத்தது அந்தப் பத்து விநாடிகளில்தான்.

"என்ன பேசற கமலா?" என்றார். "படத்துல ரெண்டு வெரலு கருகிப் போயிருக்குதே. அப்பறம் கையில எப்படி இருக்கும்? உனக்குக் கண்ணாடி மாத்தோணும்."

நாற்பது பேரும் ஒன்றாக மூச்சுவிட்டார்கள். எல்லாத் தலைகளும் கையை விட்டுத் திரும்பி ஓவியத்தைப் பார்த்தன. ஆமாம், இரண்டு விரலும் கரிக்கட்டைதான். சான்றோவியர் முத்திரைகூட இருக்கிறது. பொய்ப்படங்களை நம்பாதே, மனிதக் கண்ணை நம்பு என்று தொடங்கிய ஏற்பாடு, இப்படி நாற்பது ஜோடிக் கண்களைப் பொய்யாக்கி முடிந்தது. "தட்டு விழுகல, நல்ல சகுனமுங்க," என்றாள் அம்சவேணி. மேளக்காரர் முழங்கினார். நாச்சிமுத்து தட்டைக் கீழே வைத்துவிட்டு, வலக்கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

பந்தியில் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் எல்லாரும் வாழையிலையில் கரண்டியால் சாப்பிட்டார்கள். பரஞ்சோதிக்கு இடக்கையில் கரண்டி பிடிக்கப் பழகவில்லை. கவின்மலர் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டிவிட்டாள். அடுத்த இலையிலிருந்து நாச்சிமுத்து அவர் காதருகே குனிந்தார்.

"பெரிய உபகாரம் பண்ணுனீங்க சம்பந்தி. பருப்புஞ்சோறு பெசைய முடியாம ஒரு மாசந்தானுங்க பொறுத்தேன். நீங்களும் மொளைக்க வெச்சுக்குங்க. நாப்பதே நாளு. உறையப் போட்டுக்கிட்டா ஆரு பார்க்கறா? எங்க சனத்துல எல்லாரும் அப்படித்தானுங்க."

"எல்லாருமேவா?"

"படந்தான் இருக்குதல்லோ," என்றார் நாச்சிமுத்து.

பரஞ்சோதி தன் உறையைப் பார்த்தார். பிறகு தலையாட்டினார். எந்த நாளில் போகலாம் என்றுகூட அவர் மனசுக்குள் கணக்குப் போடத் தொடங்கிவிட்டார் என்பது முகத்தில் தெரிந்தது. அந்த அரை மணி நேர அலறல், தவறித் துடித்த நெஞ்சு, எல்லாம் எதற்கு என்ற கேள்வி அவருக்கு வரவில்லை.

கவின்மலர் அடுத்த கவளத்தை உருட்டியபடி கேட்டாள்.

"அப்பா, அந்த உச்சியில என்ன பார்த்தீங்க?"

பரஞ்சோதி மென்றார். விழுங்கினார். யோசித்தார். எலுமிச்சைச் சாதம் நினைவுக்கு வந்தது, வறுவல் வந்தது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

"அதான் படம் மாட்டியிருக்குதே கண்ணு," என்றார். "போய்ப் பாரு, தெரியும்."

அவள் கையைக் கழுவிக்கொண்டு கூடத்துக்குப் போனாள். மகிழ்நன் பின்னாலேயே வந்தான். ஆட்கள் எல்லாரும் பந்தியில் இருந்ததால் கூடம் காலியாக இருந்தது. அப்பாவின் ஓவியத்தை முதலில் பார்த்தாள். சிவந்த மூக்கு, பிளந்த உதடு, மூன்று கறுப்பு விரல்கள், அதற்குப் பின்னால் வெறும் சாம்பல் பூச்சு. அடுத்தது பெரியப்பா. பிறகு எதிர்ச்சுவருக்குப் போய் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நடந்தாள். பதினேழு ஓவியங்கள். பதினேழும் முகங்கள்.

ஒன்றிலும் மலை இல்லை.